படிகத்தை வடிவமைக்க முடியுமா?

மார்கழிப் பனியில் தேன் புட்டியின் அடியில் வெண்மையாக உறைந்திருப்பதைத் தேவாரம், போடிநாயக்கனூர்ப் பக்கத்து மாணவர்கள் கண்டிருப்பீர்கள். சர்க்கரைப் பாகு கலந்த தேன் என்று கடைக்காரரைக் குறை கூறிவிட வேண்டாம். தூய தேனிலுள்ள குளுக்கோஸும் குளிரில் படிகமாகும். அப்போது மூலக்கூறுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே கூற முடியுமா?

இந்த வினாவைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் வேதியியல் பேராசிரியர் கௌதம் தேசிராஜு. 1952-இல் சென்னையில் பிறந்த இவர், ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும், 2009 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பணியாற்றினார். படிகப் பொறியியல் பற்றிய இவரது நூல் 1989-இல் வெளிவந்தது. 1995-இல் ‘சிந்தான்’ என்னும் கருத்தைப் படிகங்களுக்கு விரிவாக்கினார். இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் எதிரெதிரே நின்று, இரு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய கைகோப்புகள் படிகத்துக்குப் படிகம் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றை அறிந்தால் படிகத்தை வடிவமைக்கலாம் என்பதே இவர் கருத்து. ஆயிரக்கணக்கான படிக அமைப்புகளை ஒரே நோக்கில் பார்க்கக் கற்றுத்தந்தது இதன் பெருஞ்சிறப்பாகும்.

ஆயினும் ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் ஒரு குறை தென்படுகிறது. எந்தக் கைகள் கோத்துக்கொள்ளக்கூடும் என்று சிந்தான் கூறுகிறது. பல அடுக்குகளில் எது முதலில் தோன்றும் என்பதை அது மட்டும் கொண்டு கூற இயலாது. வெப்பநிலை, கரைப்பான், குளிரும் வேகம் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன.

இது வெறும் ஏட்டு வாதமன்று. எய்ட்ஸ் மருந்தான ரிட்டோனவிர் 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல் அதே மூலக்கூறு வேறோர் அடுக்கில் படிகமாகத் தொடங்கியது. புதிய படிகம் எளிதில் கரையவில்லை. மாத்திரைக் குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நோயாளிகள் திரவ மருந்தை நாட நேர்ந்தது.

ஆகவே வளரும் சூழலையும் ஆள வேண்டும். 2010-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஸ்டீட் குழுவினர், மருந்துப் படிகங்களை ஜெல்லுக்குள் வளர்த்துக் காட்டினர். சிறு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் வலைபோல் கோத்து நிற்கும் ஜெல் அது. உள்ளிருக்கும் கரைசல் கலங்குவதில்லை. படிகம் அமைதியாக வளர்கிறது. பின்னர் அசிட்டேட் அயனியைச் சேர்த்தால் ஜெல் இளகிவிடும். படிகத்தை வடிகட்டி எடுக்கலாம். தேசிராஜு கூறிய அதே பிணைப்பு இங்கே படிகத்தின் தொட்டிலாகவும் அமைகிறது!

சோடியம் சிலிக்கேட் ஜெல்லில் படிகம் வளர்ப்பது நம் இயற்பியல் முதுகலை மாணவர்களுக்குப் பழகிய வேலைதான். அடுத்த அறையிலுள்ள வேதியியல் மாணவர்களுடன் அவர்கள் கலந்து பேசுவது நலம். நீங்களும் படிகாரத்தை வெந்நீரில் நிறையக் கரைத்து, ஒரு பாதியை வேகமாகவும் மறு பாதியை மெல்லவும் குளிர வையுங்கள். ஒரே பொருள், ஒரே கரைசல். படிகங்கள் ஒரே அளவிலா இருக்கின்றன?