ஆத்தும சோதனை: கேள்விகளை எழுதுவது யார்?

தன் உள்ளத்தைத் தானே துருவிப் பார்ப்பது ஆன்மிக முதிர்ச்சிக்கு வழி என்பதில் கிறிஸ்தவ சபைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்கிறார்கள். அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் திருவிருந்துக்கு வருமுன் தம்மைச் சோதித்துக்கொள்ளும்படி கேட்கப்படுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம் அந்த வேலையைச் செய்கிறது. இந்த மரபுகள் எல்லாம் சில மைல் தூரத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் ஊர் கண்டி. தலதா மாளிகையின் அயலிலேயே புனித பவுல் தேவாலயம் நிற்கிறது. அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ நிறுவிய குருமடத்தை இயேசு சபையார் நடத்தினார்கள். அது 1955இல் பூனாவுக்குப் போனபின் அங்கே இலங்கையின் தேசிய குருமடம் அமைந்தது. பிலிமத்தலாவையில் 1963 முதல் சிங்கள, தமிழ் மாணவர்கள் ஒரே வளாகத்தில் இறையியல் படிக்கிறார்கள். நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிறு தேவாலயங்கள் பல. ஆகவே இந்தப் பழக்கத்தின் பலத்தையும் பழுதையும் எடைபோட இதைவிடத் தோதான இடம் நமக்குக் கிடைக்காது. என் வாதம் இதுதான்: இதயம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, ஆகவே ஒரு சபையின் முதிர்ச்சியை, அது எவ்வளவு ஆழமாக உள்ளே பார்க்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது, கேள்வி கேட்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பலத்தை முதலில் சொல்வதே நியாயம், ஏனென்றால் இன்றைய விமர்சகர்கள் அதைச் சொல்வதில்லை. 1854இல் கண்டி, மாத்தளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. முயற்சியும் சந்தாவும் தோட்டத் துரைமாருடையவை. மேற்பார்வைக்கு மிஷனரிமாரைச் சர்ச் மிஷனரி சங்கம் தந்தது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் மாலையில் லயங்களிலும் அவர்கள் பேசினார்கள். அன்றைய தோட்டத்தில் ஒரு தொழிலாளி செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பெயர், கங்காணியின் கணக்கில் ஒரு கடன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் போய், உமக்குள்ளே கடவுள் விசாரிக்கிற ஓர் உள்ளம் உண்டு, அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் நீரே, துரையும் கங்காணியும் அதற்குள் கால்வைக்க முடியாது என்று சொல்வது சாதாரணமான காரியமல்ல. குற்றம் செய்யக்கூடியவர் என்று ஒருவரை மதிப்பது, அவரைத் தீர்மானம் எடுக்கக்கூடியவர் என்று மதிப்பதும்கூட. சாராயத் தவறணையை விட்டு விலகு என்று உபதேசியார் சொன்னதை நகர மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கப் பாடம் என்று தள்ளிவிடலாம். சம்பள நாளில் தவறணைக்குப் போகாத காசு எந்த அடுப்புக்குப் போயிற்று என்று பார்த்தால் அப்படித் தள்ளத் தோன்றாது. மதத்தை அபின் என்று முடித்துவிடுகிற வாசிப்பு இந்த இடத்தில் தோற்கிறது.

ஆனால் அதே மிஷனின் கணக்குப் புத்தகத்தில்தான் பழுதும் இருக்கிறது. உபதேசியாரின் செலவைத் துரைமாரின் சந்தா தாங்கும்போது, அவர் தொழிலாளியின் முன் வைக்கும் கேள்விகள் எதுவரை நீளும்? குடித்தாயா, பொய் சொன்னாயா, ஓய்வுநாளை மதித்தாயா, கட்டிய மனைவிக்கு உண்மையாய் இருந்தாயா என்று கேட்கலாம். தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவருடைய கடனும் ஒரு துண்டுச் சீட்டில் அவர் பின்னாலேயே போயிற்று. புதிய துரை கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொண்டார். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அறுபது, எழுபது வருடம் தேவாலயங்களில் உள்ளத்தைச் சோதித்தவர்களுடைய கேள்விப் பட்டியலில் அந்தச் சீட்டு ஏறியிருக்கும் என்று நம்புவது கடினம். இதை யாருடைய வஞ்சகம் என்றும் நான் சொல்லவில்லை. திருநெல்வேலி உபதேசிமாரும் மிஷனரிமாரும் பெரும்பாலும் உண்மையான பக்தர்கள், பிரச்சினையே அதுதான். பாசாங்குக்காரரின் ஆத்தும சோதனை தோற்பதில் ஆச்சரியமில்லை. உண்மையானவர்களின் சோதனையும் இவ்வளவு பெரிய ஒன்றைப் பார்க்காமல் கடந்து போகும் என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

கடன், கூலி என்பவை அரசியல், உள்ளத்தைச் சோதிப்பது ஆன்மிகம், இரண்டையும் கலக்கக் கூடாது என்று உடனே ஒரு மறுப்பு வரும். நல்ல பக்தர்கள் சொல்லும் மறுப்பு இது. அவர்கள் ஏற்றுக்கொள்கிற வேதாகமத்தைக் கொண்டே பதில் சொல்லலாம். திருவிருந்துக்கு முன் தன்னைச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு ஆதாரம் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரம். அங்கே பவுல் கண்டிப்பது மனதில் ஓடிய கெட்ட எண்ணங்களை அல்ல. சபை கூடிச் சாப்பிடும்போது வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து நிறைந்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள், வெட்கப்படுத்தப்பட்டார்கள். தன்னைச் சோதித்துப் பார் என்ற கட்டளை அந்தப் பந்தியின் நடுவே வருகிறது. அதிகாரத்தின் முடிவில் அவர் தரும் நடைமுறை ஆலோசனை, ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்பதே. அதே கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில், இன்னும் பால் குடிக்கிற குழந்தைகள் என்று அவர்களைச் சொல்வதற்கு அவர் காட்டும் சாட்சி என்ன? பொறாமை, சச்சரவு, கட்சி பிரிதல். ஜெபம் குறைந்ததையோ உபவாசம் தவறியதையோ அவர் அங்கே காட்டவில்லை. பந்தியில் யார் பசியோடு இருக்கிறார் என்ற கேள்வியை நீக்கிவிட்டு உள்ளத்தின் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பிற்காலத்தவர்கள்.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் சொந்த வரலாற்றில் இதற்கு ஒரு கூர்மையான உதாரணம் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுபவை. பக்தியின் உருக்கத்தில் அவருக்குச் சமானமாகத் தமிழ்ச் சபையில் சிலரைத்தான் சொல்ல முடியும். அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கப் புதிய மிஷனரிமார் முயன்றபோது எதிர்த்து நின்றவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் தேவாலயத்துக்குள் சாதிக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையின் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் பணிய மறுத்தார்கள். சாஸ்திரியாருக்கு உள்முகப் பார்வை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய உள்ளத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் ஆலயத்தின் மறுபக்கத்தில் தனியே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு வாய் இருக்கவில்லை என்பதே சரியான விளக்கம். மலைநாட்டுச் சபைகள் இந்த உதாரணத்தைத் தஞ்சையோடு நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. லயத்திலும் கலியாணப் பேச்சிலும் சாதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் விமர்சனம் இந்தப் பழக்கத்தையே வேண்டாம் என்கிறது. சுவீடன் நாட்டு வேதாகம அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், குற்றவுணர்வால் தன்னையே குடைந்துகொள்ளும் மனச்சான்று பவுலுடையதல்ல, அகுஸ்தீனும் லூத்தரும் வழியாக மேற்குலகம் வளர்த்துக்கொண்டது என்று வாதிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, உள்ளத்தை ஆராய்வது நமக்கு ஒவ்வாத மேற்கத்தியச் சரக்கு என்று சிலர் சொல்லலாம். பவுலைப் பற்றி ஸ்டெண்டால் சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகவே படுகிறது. நம்மைப் பற்றிய முடிவு அதிலிருந்து வராது. மாணிக்கவாசகர் தன்னைப் பொய்யன் என்றும் நாயினும் கீழானவன் என்றும் சொல்லி உருகியது லூத்தரைப் படித்து அல்ல. தமிழ் பக்தி மரபுக்குத் தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொள்வது கப்பலில் வந்த பழக்கமில்லை. ஆனால் இந்தப் பழக்கம் நோயாக மாறும் என்பது உண்மை, அதை அனுபவித்தவர்களில் ஒருவர் ஆத்தும சோதனைக்கு முறையே எழுதிய, இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார். 1522இல் மன்ரேசாவில் தன் பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிடைக்காமல் தற்கொலை எண்ணம்வரை போனவர் அவர். பிறகு அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகளில் சோதனையின் முதல் படி குற்றத்தைத் தேடுவதல்ல, கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வது. மிதமிஞ்சிய மன உறுத்தலுக்கென்றே தனிக் குறிப்புகளும் வைத்தார். ஒரு குறிப்பிட்ட குற்றத்தைக் களைய, நாளுக்கு இரண்டு கோடு இழுத்துத் தவறும் ஒவ்வொரு தடவையும் அவற்றில் புள்ளி வைக்கச் சொன்னார். எவ்வளவு நடைமுறை அறிவு! எண்ணக்கூடிய குற்றங்களுக்கு அந்த முறையை மிஞ்ச ஆளில்லை. எண்ண முடியாதவற்றை அது தவறவிடும், அவ்வளவே.

இந்த இடத்தில் கண்டிச் சபைகளுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் பிக்குகள் வஸ் என்ற மழைக்காலத் தங்கல் முடியும்போது பவாரணா செய்கிறார்கள். என்னில் நீங்கள் கண்டதோ, கேட்டதோ, சந்தேகித்ததோ இருந்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரும் சங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் விதி அது. பல இடங்களில் அது வெறும் சடங்காகிவிட்டது என்று பௌத்தர்களே சொல்லக்கூடும், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் விதியின் அமைப்பைக் கவனியுங்கள்: என் குற்றத்தின் முதல் சாட்சி நான் அல்ல, என்னோடு வாழ்ந்தவர். கிறிஸ்தவ ஆத்தும சோதனையில் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஆள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் இருந்தாலும் நான் கொண்டுபோனதைத்தான் அவர் கேட்கிறார். 139ஆம் சங்கீதக்காரர் தன் இதயத்தை ஆராயும்படி கடவுளையே கேட்கிறார் என்பது நினைக்கத்தக்கது. தன் பகைவரை முழு வெறுப்போடு வெறுப்பதாகச் சொல்லி முடித்த கையோடு அந்த வேண்டுதல் வருகிறது. அந்த வெறுப்பின் முழு உண்மையும் தனக்குத் தெரியாது என்பதை அவர் ஏதோ ஒரு விதத்தில் அறிந்திருந்தார் போலும்.

மற்றவர் கேள்வி கேட்க இடம்கொடுத்த முயற்சிகள் கண்டியில் இல்லாமல் இல்லை. இயேசு சபைக் குரு போல் கஸ்பஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையம், தோட்டத் தமிழ்த் தொழிலாளரையும் அயல் கிராமச் சிங்கள விவசாயிகளையும் ஒரே கூரையின் கீழ் பேச வைத்தது. ஆனால் ஆத்தும சோதனையின் மொழியிலேயே இதைச் செய்தவர் என்றால் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைத்தான் சொல்ல வேண்டும். 1962 முதல் அவர் குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயர். கண்டியும் அதற்குள் வரும். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலின்போது வெளிநாட்டிலிருந்த அவர், திரும்பி வந்து, பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்து, தன் மறைமாவட்ட மன்றத்தில் உரையாற்றினார். சிங்களவர் இதைத் தம்முடைய வெட்கமாக ஏற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்த உரையின் சாரம். சில வாரங்களில், அக்டோபரில், காலமானார். அவர் கடை எரித்தவரல்ல, யாரையும் அடித்தவருமல்ல. தனிப்பட்ட பாவப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அவர் மனச்சான்றில் இந்த வகையில் எழுத ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கேட்ட கேள்வியைத் தன் உள்ளத்துக்குள் அனுமதித்ததால்தான் அவரால் அப்படிப் பேச முடிந்தது.

இத்தகைய கூட்டு மனவருத்தத்துக்கு எதிரான மிகக் கெட்டிக்காரத்தனமான மறுப்பை எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இலேயே எழுதிவிட்டார். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பாவங்களுக்காக மனம் வருந்திய இளம் கிறிஸ்தவர்களைப் பார்த்து, இது மனவருத்தமல்ல, தம் மூத்தோரைக் குறைசொல்வதை மனவருத்தம் என்ற பெயரில் அனுபவிப்பது என்றார் அவர். நாங்கள் என்று தொடங்கும் அறிக்கைகளில் உண்மையில் அவர்கள் என்பதே பொருள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நம் சபைகளிலும் இதைக் காணலாம்: சமூகப் பாவம் என்று பிரசங்க பீடத்திலிருந்து முழங்குவது எளிது, முழங்குபவருக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. லூயிஸின் எச்சரிக்கையை நான் முழுவதும் ஏற்கிறேன். கூட்டு அறிக்கையை ஒழிக்க அது போதுமான காரணம் என்பதை ஏற்கவில்லை. அவரே, உண்மையாக நேசிக்கிற ஒன்றுக்காக மனம் வருந்துவதற்கு இடம் வைத்திருந்தார். விக்கிரமசிங்க தன் சொந்த மக்களிடம், அவர்கள் கேட்க விரும்பாத வேளையில், தன்னையும் சேர்த்துப் பேசினார். பேசுபவர் இழப்பது என்ன என்று கேட்டாலே மலிவானதையும் மெய்யானதையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

கத்தோலிக்கச் சபை 1973இல் திருத்திய ஒப்புரவுச் சடங்கின் பின்னிணைப்பிலுள்ள ஆத்தும சோதனை மாதிரியில், வேலையாட்களுக்கு நியாயமான கூலி கொடுத்தேனா என்ற கேள்வி இருக்கிறது. ஆக, கேள்வி எழுதப்பட்டுவிட்டது. மலைநாட்டில் இனி மிஞ்சுவது அதை எந்த வாங்கில் இருப்பவர்களிடம் வாசிப்பது என்பதே. தோட்டத்துத் தமிழ்ப் பூசையில் வாசித்தால் கூலி வாங்குபவர்கள்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நகரத்து ஆங்கிலப் பூசையிலும் சிங்களப் பூசையிலும் வாசித்தால் பலர் தமக்குரியதல்ல என்று கடந்து போவார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கும். துரையின் காலத்தில் கேள்விக்கு ஒரு முகவரி இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2021இல் சம்பளச் சபை நாட்கூலியை 1,000 ரூபாவாக நிர்ணயித்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போனவை கம்பனிகள். கம்பனிக்குப் பங்குதாரர் உண்டு, பணிப்பாளர் சபை உண்டு, முழங்காலிட ஓர் உடம்பு கிடையாது. கண்டியில் வங்கியிலும் கணக்காய்விலும் தேயிலை ஏற்றுமதியிலும் வேலை செய்கிற, பங்குகளும் வைத்திருக்கிற கிறிஸ்தவர்கள் அந்த உடம்பின் எந்தப் பகுதி, எவ்வளவு பொறுப்பு என்பதை எந்த ஜெபப் புத்தகமும் இன்னும் எழுதவில்லை. அதை எழுத உட்காரும் குழுவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணும் இருப்பாரா என்று மட்டும் இப்போதைக்குக் கேட்டு வைக்கலாம்.