மழை போடும் மதிப்பெண்

ஒரு பழைய ஃபியட்டை யார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மாற்றியிருக்கிறார்கள் என்பதை வெயிலில் கண்டுபிடிப்பது கஷ்டம். காய்ந்த தார் எல்லாத் தவறுகளையும் மன்னித்துவிடும். மழை பெய்து ரேஸ் டிராக் பளபளத்த பிறகு அதே வண்டி இரண்டு சுற்று போய்வரட்டும். கேம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தவர் யார், ஸ்பிரிங் பட்டையைத் தாழ்த்தியவர் யார், டயருக்குக் காற்றடித்தவர் யார் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிடலாம்.

இந்த வண்டியின் பிறந்த வீடு மும்பையில் டிராம்பேக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா ஆலையில் ஃபியட் 1100-ஐத் தயாரித்தது. 1964-இல் அது ‘டிலைட்’ ஆயிற்று. பிறகு ‘பிரசிடெண்ட்’, 1974 முதல் ‘பத்மினி’. தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, கூரைக் கேரியரில் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் டிராம்பே சீட்டா கேம்புக்கும் போன தமிழ்க் குடும்பங்களுக்கு மும்பையின் முதல் வாசனையே அந்தக் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியின் ரெக்ஸின் சீட்டும் பெட்ரோலும்தான். 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு பத்மினி டாக்ஸிகள் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. குர்லா ஆலை இருந்த இடத்தில் இப்போது கோஹினூர் சிட்டி நிற்கிறது.

டாக்ஸியாக ஓடிய இந்தக் காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பட்டம் பொருந்துமா? ஷோரூமுக்குப் போய் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாத நாடாக இந்தியா பல பத்தாண்டுகள் இருந்தது. இறக்குமதிக்குக் கெடுபிடி. சந்தையில் அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள். வேகம் வேண்டுமென்றால் இந்த மூன்றில் ஒன்றைப் பிரித்துப் போட்டு உருவாக்கிக்கொள்ள வேண்டும். அம்பாசடரைவிட ஃபியட் எடை குறைவாகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்தது. சுமார் 900 கிலோ, 1,089 சிசி இன்ஜின், ஓட்டுவது பின்சக்கரம். கம்பெனி கொடுத்த சக்தி நாற்பது குதிரைத்திறனைச் சுற்றித்தான் இருந்தது.

அப்படி உருவாக்கிய கார்களுக்குக் களமாக அமைந்தவை விமான ஓடுதளங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சும்மா கிடந்த ஓடுதளங்களில் ரேஸ் விடுவது அன்று உலக வழக்கம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படிப் பிறந்ததுதான். மும்பைக்காரர்களுக்கு ஜூஹூ விமான நிலையம், கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர், சென்னைக்குச் சோழவரம். 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தைத் தென்னிந்தியாவின் ரேஸ் திருவிழா ஆக்கியது. கிளப்பின் நிறுவனர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக், 2010-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். 1990-இல் கிளப் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்கைத் திறந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். ரேஸ் இல்லாத நாட்களில் பணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ‘டிராக் டே’ பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் ஒரு டிராக் டேக்குப் பெயர் கொடுப்பவர், வடகிழக்குப் பருவமழைக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈரத்தில் டயர் எப்போது தரையை விடும் என்ற கணக்கும் விமான ஓடுதளத்திலிருந்துதான் வந்தது. 1960-களில் அமெரிக்காவின் நாசா, மழையில் இறங்கும் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்தது. தேங்கிய நீரை டயரால் பிதுக்கி வெளியேற்ற முடியாத வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தைத் தாண்டினால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டீரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி நேராகப் போகும். மொட்டை டயருக்கு இந்த வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் காற்றழுத்தம்தான். அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பதினாறே முக்காலால் பெருக்கினால், கிட்டத்தட்ட, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 25 பிஎஸ்ஐ என்றால் 84. முப்பது என்றால் 91 அல்லது 92. முப்பத்தாறு என்றால் 100. பள்ளம் நன்றாக இருக்கும் டயருக்கும், தேங்கிய நீர் ஆழமில்லாத இடத்துக்கும் இந்த எல்லை இன்னும் மேலே போகும். மழை நாளில் பிட்டில் ஒருவர் டயர் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பிஎஸ்ஐக்காக வாதாடினால் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

பழைய ஃபியட்டுக்கு முதல் மதிப்பெண் கிடைப்பதும் இங்கேதான். ஆலையிலிருந்து அது 5.20-14 என்ற ஒல்லி டயரில் வந்தது. அகலமான டயர் காய்ந்த தரையில் ராஜா. தண்ணீரில் அதற்கு வழி வெட்ட வேண்டிய பரப்பு அதிகம். ஒல்லி டயர் தண்ணீரைக் குறைவாக எதிர்கொண்டு, அதைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். பார்வைக்கு அழகென்று பெரிய அலாயும் அகல டயரும் மாட்டிய ஃபியட்டும், 155 அல்லது 165 அகல ரேடியலோடு அடக்கமாக நிற்கும் ஃபியட்டும் ஈரத்தில் சேர்ந்து கிளம்பினால், தேங்கிய நீரைக் கடக்கும் இடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது இன்ஜின். ஃபியட்டின் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 75 மில்லிமீட்டர். ஓட்டம் நீளமான இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும்; சக்தி படிப்படியாக வரும். டியூனர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார், போர்ட்டுகளை மெருகேற்றுவார், ஒற்றை சோலெக்ஸைக் கழற்றி இரட்டை வெபர் கார்ப்பரேட்டர் வைப்பார், வால்வு நெடுநேரம் திறந்திருக்கும் கேம்ஷாஃப்ட் போடுவார். காகிதத்தில் குதிரைத்திறன் ஏறும். ஆனால் ரேஸ் கேம் நாலாயிரம் சுழற்சி வரை தூங்கிவிட்டு அப்புறம் திடீரென விழித்துக்கொள்ளும் ரகம். காய்ந்த டிராக்கில் அந்த விழிப்பு முதுகில் ஒரு தள்ளாக இனிக்கும். ஈரத்தில், வண்டி பாதி திரும்பியிருக்கும்போது அது வந்தால் பின்சக்கரங்கள் சுழன்று வால் வீசிவிடும். ரசிகர்கள் கொண்டாடும் டியூனர், உச்ச சக்தியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து நடுச் சுழற்சியில் சீராக இழுக்கும் கேமைத் தேர்ந்தெடுத்தவர்.

டிஃபரென்ஷியலிலும் இதே கதை. காய்ந்த தரையில் வளைவின் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலக் கூடாதென்று டிஃபரென்ஷியலுக்கு வெல்டு வைத்துவிடும் பழக்கம் உண்டு. செலவு குறைவு, பலன் உடனடி. மழையில் இந்த வெல்டு இரண்டு முகம் காட்டும். வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரங்கள் ஒரே வேகத்தில்தான் சுழல்வோம் என்று அடம்பிடித்து மூக்கை நேராகத் தள்ளும். வெளியேறும்போது பிடி போனால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்தே போகும். ஒரே திருப்பத்துக்குள் இரண்டு எதிரெதிர் குணம்.

பட்டையையும் ஸ்பிரிங்கையும் விறைப்பாக்கித் தாழ்த்திய வண்டி அழகாகத்தான் நிற்கும். ஈரத்தில் வேண்டியது இளக்கம். வண்டி சற்றுச் சாய வேண்டும், பிரேக் போட்டால் மூக்கு தாழ வேண்டும். அந்த அசைவுகள்தான் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதை ஓட்டுபவரின் இடுப்புக்குச் சொல்பவை. மழை வந்தால், வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்துவது உலகெங்கும் ரேஸ் அணிகளின் பழக்கம்.

இப்போது வண்டி டிராக்கில். இருங்காட்டுக்கோட்டையில் திருப்பங்களுக்கு சி1, சி2 என்று எண்தான் பெயர். பிரதான நேர்பாதையின் முடிவில் வருகிறது சி1. பிடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.8 என்றால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து வண்டி நிற்க சுமார் 49 மீட்டர் வேண்டும். ஈரத்தில் அது 0.5 ஆனால் 79 மீட்டர். ஃபியட்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். உள்ளே தண்ணீர் புகுந்தால் முதல் மிதியில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு பக்கம் மட்டும் முன்னதாகப் பிடித்து ஸ்டீரிங்கை இழுக்கும். விஷயம் தெரிந்தவர் நேர்பாதையிலேயே, ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை லேசாக வருடி லைனிங்கைச் சூடேற்றிவைப்பார். திருப்பம் வரும்போது நான்கும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்திருக்கும்.

எந்தப் பாதையில் போவது என்பதிலும் ஈரம் சட்டத்தை மாற்றிவிடுகிறது. வெயிலில் எல்லோரும் போகும் ரேஸ் லைனில் டயர் ரப்பர் படிந்து, தார் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். மழையில் வழுக்கு அதிகம் அங்கேதான். அதைவிட்டு வெளியே தள்ளி, சொரசொரப்பான தாரைத் தேடிப் போக வேண்டும். பெயின்ட் அடித்த கெர்ப் பக்கமே போகக் கூடாது. 1993 ஏப்ரலில் இங்கிலாந்தின் டானிங்டன் டிராக்கில், ஈரத்தில், ஃபார்முலா ஒன் வீரர் அயர்ட்டன் சென்னா நாலாவது இடத்தில் கிளம்பி, ஐந்தாவதுக்கு இறங்கி, முதல் சுற்று முடியும் முன்பே முதலிடத்துக்கு வந்தார். மற்றவர்கள் போகாத தாரில் அவர் பிடி தேடியதும் அந்தச் சுற்றின் ரகசியங்களில் ஒன்று. சிறு வயதில் கார்ட் ஓட்டியபோது மழையில் தோற்று, அதன்பின் மழை வரும்போதெல்லாம் பயிற்சிக்குக் கிளம்பியவர் அவர்.

திருப்பத்தின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் தொடும் கணம்தான் ரசனையின் உச்சம். மாம்பழம் கனிந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் அளவுக்குத்தான் வலது கால் அழுத்தலாம். ஒரு கியர் கூடுதலாக வைத்து, இன்ஜினின் சுழற்சியைத் தாழ்த்தி, முறுக்குவிசையை மெதுவாகத் தரைக்கு அனுப்புவார்கள். பவர் ஸ்டீரிங் இல்லாத ஃபியட்டில், முன் டயர் பிடியை இழக்கும் கணத்துக்குச் சற்று முன்பே ஸ்டீரிங் கையில் லேசாகிவிடும். புதிய கார்களில் ஸ்டீரிங்குக்கு உதவும் எலக்ட்ரிக் மோட்டாரும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நடுவில் நின்று இந்தச் செய்தியை வடிகட்டிவிடுகின்றன.

முன்னெச்சரிக்கை தரும் இந்தக் குணம் எல்லாப் பழைய கார்களுக்கும் கிடையாது. சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கு எதிர்ச்சாட்சி. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்த அழகுக் காரின் பின்பக்கம், ஸ்விங் ஆக்சில் என்ற அமைப்பு. திருப்பத்தில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பகுதி மேலே எழும்பும், வெளிச்சக்கரம் உள்நோக்கி மடியும், பிடி சட்டென்று போகும். ஃபியட்டின் பின்பக்கம் வெறும் கட்டை ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும்தான். தொழில்நுட்பத்தில் ஹெரால்டுக்குப் பின்தங்கியது. ஆனால் சக்கரங்களை நிமிர்ந்தபடியே வைத்திருக்கும். மழையில் இந்தப் பழமைதான் கைகொடுத்தது.

ஸ்டீரிங் தண்டில் இருந்த கியரை எடுத்துத் தரையில் வைப்பது ஃபியட்டில் பிரபலமான இன்னொரு மாற்றம். கியர் போட ஒரு கையை எடுத்தால் மிச்சம் ஒரு கைதான். ஈரத்தில் அந்த ஒரு கையே போதும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1963-இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில், கொட்டும் மழையில், ஃபார்முலா ஒன் வீரர் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் டாப் கியர் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கியர் லீவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டி, இரண்டாவதாக வந்த புரூஸ் மெக்லாரனைவிட ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னால் முடித்தார். ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கை வெடுக்கென்று இழுக்க முடியாது. அவர் இயல்பாகவே அப்படி இழுப்பவரும் அல்லர்.

பத்மினியின் தம்பியான பிரீமியர் 118என்இ, 1985-இல் வந்தது. உடல் ஃபியட் 124-இன் வழி, இதயம் நிஸானின் ஏ12: 1,171 சிசி, விட்டம் 73, ஓட்டம் 70. ஓட்டம் சுருங்கியதால் உயர் சுழற்சிக்கு மகிழ்ச்சியாக ஏறும். டியூனர்களுக்குச் செல்லம். மழை மதிப்பெண்ணில் மட்டும் இரு தரப்பு உண்டு: விறுவிறுப்பு நிஸானுக்கு, நிதானம் ஃபியட்டுக்கு.

இந்தக் கைவேலையின் தமிழ்த் தலைநகரம் கோயம்புத்தூர். லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதியை வடிவமைத்து, ரேஸை நடுத்தர வர்க்கத்துப் பையன்களுக்கும் எட்டவைத்தார். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில் ஓட்டி வளர்ந்தார்கள். 1995-இல் கரிவரதன் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபியட் பிறந்த மும்பையில் இப்படி ஒரு நிரந்தர டிராக் இல்லை. டிராம்பேயிலோ குர்லாவிலோ பத்மினியை இழைத்து வைத்திருப்பவர், அதை முழுவேகத்தில் பார்க்க லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்ப வேண்டும்.

அப்படி ஒரு வண்டி மழை நாளில் இறங்கினால் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுவிட்டு மூன்றைக் கவனிக்கலாம். பிரேக் போடும்போது மூக்கு இடதும் வலதும் ஆடாமல் நேராகத் தாழ்கிறதா? திருப்பத்தின் நடுவில் ஸ்டீரிங்கை ஓட்டுபவர் ஒரே வீச்சில் வைத்திருக்கிறாரா, அடிக்கடி அள்ளித் திருத்துகிறாரா? வெளியேறும்போது எக்ஸாஸ்டின் சத்தம் ஒரே சீராக ஏறுகிறதா, நடுவில் சக்கரம் சுழன்று குரல் எகிறுகிறதா? மூன்றும் ஒரே சுற்றில் சரியாக வந்துவிட்டால், பக்கத்தில் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போகும் ஜெர்மன் காரின் பெயரைப் படிக்க கேலரியில் யாருக்கும் நேரம் இருக்காது.