'மோரோவர்' போட்டால் வாதம் வந்துவிடுமா?



தேர்வு நெருங்கியதும் வாட்சாப் குழுக்களில் ஒரு தாள் சுற்ற ஆரம்பிக்கும். ஆங்கில விவாதக் கட்டுரைக்கான இணைப்புச் சொற்கள் பட்டியல். நீங்களும் பார்த்திருப்பீங்க. கூட்டிச் சொல்ல ஒரு கட்டம்: மோரோவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், பிசைட்ஸ். மாற்றிச் சொல்ல ஒரு கட்டம்: ஹவெவர், ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் தி காண்ட்ரரி, ஆல்தோ. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒன்று, முடிவுக்கு ஒன்று. பயிற்சி நூல்களின் பின்பக்கத்திலும் இதே மாதிரிதான். ஒரு நூலை மதிப்பிடுவது போல இந்தப் பட்டியலை இங்கே மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள சொற்கள் தப்பில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கணும், பின்னால் என்ன வரணும் என்று அது எங்கேயும் சொல்வதில்லை. அதனால் யோசிக்கத் தெரிந்த பிள்ளைகூட யோசனையை விட்டுவிட்டு, சொல்லை ஒட்டும் வேலையில் இறங்கிவிடுகிறது.

தேர்வு கேட்பது என்ன?

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாள் (1119) 2021 முதல் சி.இ.எஃப்.ஆர். அளவுகோலின்படி நடக்கிறது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. உள்ளடக்கம், தொடர்புத் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்குக்கும் ஐந்தைந்து புள்ளி. இணைப்புச் சொற்கள் ஒழுங்கமைப்பின் கீழ் வருகின்றன. அங்கேயும் திருத்துபவர் பார்ப்பது, கட்டுரை கோர்வையாகப் போகிறதா, பலவகை இணைப்பு உத்திகள் நல்ல பலன் தரும்படி அமைந்திருக்கின்றனவா என்பதைத்தான். 'பலவகை' என்பதைப் பலரும் 'நிறைய' என்று படித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டாம் பகுதிக்கு 125 முதல் 150 சொற்கள்தான். மூன்று சொல் உள்ள தொடர்கள் பத்தைப் போட்டால் 30 சொல் போச்சு. 150இல் ஐந்தில் ஒரு பங்கு! அந்த இடத்தில் ஒரு காரணமும் ஓர் எடுத்துக்காட்டும் எழுதியிருக்கலாம்.

மூவெட் தேர்வின் எழுத்துத் தாளில் இரண்டாவது பணிக்குக் குறைந்தது 250 சொற்கள் எழுதணும். அங்கே கருத்தைச் சொன்னால் மட்டும் போதாது, நிறுவிக் காட்டணும். வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தையும் பாருங்க. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதை அது குறையாகவே குறிப்பிடுகிறது. உச்சமான 9ஆம் நிலைக்கு, இணைப்பு வாசிப்பவரின் கவனத்தை மிக அரிதாகவே இழுக்கணும் என்கிறது. பட்டியலோ, கண்ணில் படும்படி போடு என்கிறது.

மூன்று மொழியிலும் ஒரே பழக்கம்

இந்தப் பழக்கம் ஆங்கில வகுப்பில் மட்டும் வந்ததில்லை. நம் மாணவர்கள் மூன்று மொழியில் கட்டுரை எழுதுகிறார்கள். மலாய்க் கட்டுரையில் 'பெனாண்டா வாச்சானா' என்று செலாயின் இத்து, டி சம்பிங் இத்து, கெசிம்புலான்ஞா. தமிழ்க் கட்டுரையில் மேலும், அதுமட்டுமின்றி, தொடர்ந்து, இறுதியாக. மூன்றிலும் பத்தியின் முதல் சொல்லாக ஒன்றை வைத்துவிட்டால் பத்தி தயார் என்ற நம்பிக்கை.

'நூலகத்தின் நன்மைகள்' போன்ற தலைப்புக்கு இது ஓரளவு ஒத்துவரும். நன்மைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கலாம். வரிசையை மாற்றினாலும் பெரிய நட்டமில்லை. விவாதக் கட்டுரையில் அப்படி முடியாது. ஒரு கருத்து இன்னொன்றின் மேல் நிற்கணும். எதிர்க்கருத்தை ஏற்கணும், மறுக்கணும், நிபந்தனை போடணும். கூட்டிச் சொல்லும் சொற்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது. பட்டியலிலோ அந்தக் கட்டம்தான் முதலில் இருக்கு, மாணவர் மனத்தில் நிற்பதும் அதுதான்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

'ஜார்ஜ் டவுன் பாரம்பரியப் பகுதிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களைத் தடை செய்ய வேண்டும்.' ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; நம் பிள்ளைகள் நன்றாக அறிந்த இடம். பட்டியலை நம்பி எழுதினால் பத்தி எப்படி வரும் என்று காட்ட ஒரு மாதிரி செய்திருக்கிறேன். இணைப்புச் சொல்லை மட்டும் ஆங்கிலமாக விட்டு, மற்றதைத் தமிழில் தருகிறேன்:

"ஃபர்ஸ்ட்லி, கார்கள் இல்லாவிட்டால் காற்று சுத்தமாகும். மோரோவர், சுற்றுப்பயணிகள் நிம்மதியாக நடக்கலாம். ஃபர்தர்மோர், லிட்டில் இந்தியா கடைகளுக்குச் சரக்கு இறக்குவது சிரமம். இன் அடிஷன், முதியவர்கள் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போவது கஷ்டம். தேர்ஃபோர், கார்களைத் தடை செய்ய வேண்டும்."

ஆங்கிலத்தில் எழுதினால் இலக்கணப் பிழை இருக்காது. ஐந்து வாக்கியம், ஐந்து இணைப்பு. ஆனால் மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள் தடைக்கு எதிரானவை. அவற்றை 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' என்று ஆதரவுக் கட்சியில் சேர்த்தாச்சு. கடைசியில் 'தேர்ஃபோர்' வருது. எதனால்? எதிர்ப்புக்குப் பதில் சொல்லாமலே தீர்ப்பு வந்துவிட்டது.

இதே செய்திகளை வைத்து இன்னொரு பத்தி:

"கார்கள் இல்லாவிட்டால் காற்று சுத்தமாகும், நடப்பதும் எளிது. இந்த நன்மை லிட்டில் இந்தியா கடைக்காரர்களுக்கு உடனே தெரியாது, பிகாஸ் அவர்கள் சரக்கு வண்டிகளை நம்பியிருக்கிறார்கள். ஆனால் தடை காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கினால் சரக்கு அதற்குள் இறங்கிவிடும். கோயிலுக்கு வரும் முதியவர்களுக்கும் தனி வண்டி வசதி வேண்டும். அன்லெஸ் அது கிடைத்தால் ஒழிய, தடை நியாயமாக இருக்காது."

ஆங்கிலத்தில் இதற்குத் தேவை பிகாஸ், பட், இஃப், அன்லெஸ், பிறகு 'இந்த நன்மை' என்ற சுட்டு. எல்லாம் தொடக்கப்பள்ளியிலேயே தெரிந்த சின்னச் சொற்கள். வாதம் மட்டும் பெரிசா வளர்ந்திருக்கு.

'இந்த நன்மை' என்பதைக் கவனிச்சீங்களா? ஹாலிடேயும் ருக்கையா ஹாசனும் 1976இல் எழுதிய 'கொஹீஷன் இன் இங்கிலீஷ்' என்ற நூல், ஆங்கிலத்தில் வாக்கியங்களைப் பிணைக்கும் வழிகள் ஐந்து என்று வகுத்தது: சுட்டு, பதிலிச் சொல், சொல்லாமல் விடுதல், இணைப்புச் சொல், சொற்பொருள் உறவு. நம் பட்டியல் தருவது அந்த ஐந்தில் ஒன்றை மட்டுமே. 'பலவகை' என்று தேர்வு கேட்பதற்கு மற்ற நான்கும் பதில்தான்.

ஒரே கட்டம், வேறு வேறு வேலை

பட்டியலின் இன்னொரு குறை, ஒரே கட்டத்தில் உள்ளவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம் என்று நினைக்க வைப்பது. ஹாங்காங் மாணவர்களின் எழுத்தைப் பார்த்த வில்லியம் க்ரூ, 1990இல் ஈ.எல்.டி. ஜர்னல் இதழில் இதே குறையைச் சுட்டிக்காட்டினார். நம் வகுப்பிலும் பார்க்கிற சில:

'ஆன் தி காண்ட்ரரி' என்பது முன் சொன்னதை 'அப்படி இல்லவே இல்லை' என்று மறுப்பது. இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட 'ஆன் தி அதர் ஹேண்ட்'. இரண்டும் ஒன்றில்லை.

'ஆல்தோ' போட்டால் அதே வாக்கியத்தில் 'பட்' வேண்டாம். தமிழில் 'மழை பெய்தாலும், ஆனால்' என்று பேசுகிற வாய் ஆங்கிலத்திலும் இரண்டையும் சேர்த்துவிடும்.

'ஹவெவர்' இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டாது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேணும்.

'அட் லாஸ்ட்' என்றால் 'அப்பாடா, ஒருவழியா!' என்று பொருள். கடைசிக் கருத்துக்கு அது பொருந்தாது, 'ஃபைனலி' போடுங்க.

முதலில் கேள்வி, பிறகு சொல்

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது? நம் கையிலேயே ஒரு கருவி இருக்கு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இடைச்சொல்லுக்கென்றே இடையியல் என்று ஓர் இயல் உண்டு. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனித்து இயங்கும் தன்மை அதற்கு இல்லை என்று அந்த இயல் தொடங்குகிறது. இந்த ஒரு செய்தியை ஆங்கில வகுப்புக்கும் கொண்டு போகலாம். இரண்டு கருத்துக்கு நடுவில் உறவு இருந்தால்தான் இணைப்புச் சொல்லுக்கு வேலை.

அந்த உறவைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளைத் தமிழிலேயே கேள்வி கேட்க விடுங்க. ஒரு வாக்கியம் எழுதியதும் பக்கத்தில் உள்ள நண்பர் ஒரு கேள்வி கேட்கணும்:

'ஏன்?' என்றால் பிகாஸ், சின்ஸ்.
'அதனால என்ன?' என்றால் சோ, ஆஸ் எ ரிசல்ட்.
'எப்பவுமே அப்படியா?' என்றால் இஃப், அன்லெஸ்.
'எதிர்க்கட்சி சும்மா இருக்குமா?' என்றால் ஆல்தோ, ஈவன் இஃப், அட்மிட்டெட்லி.
'எங்கே, ஒண்ணு காட்டு?' என்றால் ஃபார் எக்ஸாம்பிள்.

எந்தக் கேள்வியும் எழவில்லை என்றால் அந்த இடத்தில் இணைப்புச் சொல்லும் வேண்டாம். அடுத்த வாக்கியம் தானாகவே தொடரும்.

பட்டியலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லணும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்கவே தடுமாறும் பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. அதைப் பிடுங்கிவிட்டு 'யோசி' என்று மட்டும் சொன்னால் தாள் வெள்ளையாகவே இருக்கும். அதனால் தூக்கிப் போட வேண்டாம். கட்டங்களின் தலைப்பை மட்டும் மாற்றுங்க. 'கூட்டல்', 'மாற்று' என்ற இடத்தில் மேலே உள்ள கேள்விகளை எழுதுங்க. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே சொல் போதும். ஆனால் அந்த இரண்டுக்கும் பிள்ளையே சொந்தமா எழுதிய வாக்கியம் ஒன்று பக்கத்தில் இருக்கணும்.

மாணவர்களே, தேர்வு மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்க. பென்சிலால் இணைப்புச் சொற்களை மட்டும் லேசாக வட்டமிடுங்க. ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துவிட்டு இரண்டு வாக்கியத்தையும் படிங்க. உறவு அப்படியே தெரிந்தால் அந்தச் சொல் இல்லாமலும் சமாளிக்கலாம். உறவே தெரியவில்லை என்றால், காரணத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் நடுவில் விட்டுப்போயிருக்கு. அந்த வாக்கியத்தை எழுதிச் சேருங்க. பிறகு வட்டங்களை அழித்துவிட்டுத் தாளைக் கொடுங்க.