நீலத் தண்ணீர்

எதிர் ஃப்ளாட் பையன் ஞாயிறு காலை வந்து, ‘அங்கிள், என் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு ஒரு விமர்சனம் சொல்லணும்’ என்றான். புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் சொல்லித்தான் பழக்கம். போய்ப் பார்த்தால், பையன் கட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு சிற்பம். கண்ணாடிப் பெட்டி. உள்ளே அவனே சூடுகாட்டி வளைத்த அக்ரிலிக் குழாய்கள். அவற்றில் பால் கலந்தாற்போல் நீலத் தண்ணீர். ஃபேனுக்கு ஃபேன் கலர் விளக்கு. ஆடி மாசத்து அம்மன் கோயில் சீரியல் செட் தோற்றது.

வேடிக்கைக்காகச் செய்யவில்லை. இன்னும் கட்டாத அபார்ட்மெண்ட்டை, கட்டி முடித்துப் படம் பிடித்தாற்போல் பில்டர்களுக்கு வரைந்து கொடுப்பது இவன் தொழில். ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் விடிகாலையில் படம் ரெடி. ஏப்ரலிலிருந்து பாதிப் படம்தான் இருக்கிறதாம். சூடு தாங்காமல் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு பார்ட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்தவருக்குப் புதன்கிழமை கெடு. ‘இன்னொரு ரேடியேட்டர் போட்டுடலாமா அங்கிள்?’ மலிவாக ஒன்று பார்த்தும் வைத்திருந்தான்.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீரா என்று பதறுகிறவர்களுக்கு: கார் இன்ஜினில் நடப்பதேதான். ப்ராஸஸர் மேல் ஒரு செப்புக்கட்டி, அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளும். ஃபேன் ஊதி ஆற்றும். திரும்ப முதலிலிருந்து. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 மெயின்ஃப்ரேமுக்கே தண்ணீர்க் குளிர்ச்சிதான். 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுசாகவே முக்கிவைத்தார்கள். ‘பபிள்ஸ்’ என்று செல்லப்பெயர். தொண்ணூறுகளின் இறுதியில் வீட்டுப் பொழுதுபோக்காளர்கள் மீன்தொட்டி பம்ப்பையும் பழைய கார் ஹீட்டரின் உள்பாகத்தையும் வைத்து ஒப்பேற்றினார்கள். அப்போது அசிங்கமாக இருந்தது, வேலை செய்தது. இப்போது அழகாக இருக்கிறது.

அழகின்மேல் எனக்குப் புகார் இல்லை. க்ரே-2 கூட ஷோகேஸ் அயிட்டம்தான். என் புகார், மேம்படுத்துவது என்றாலே நம் ஆட்களுக்கு எதையாவது கூட்டுவது என்று அர்த்தமாகிவிட்டதில். பையன் குழாயில் இரண்டு இடத்தில் சென்சர் வைத்திருந்தான். அதுவும் அலங்காரத்துக்கு, எண்ணைப் பார்த்ததே இல்லை. ரெண்டரை ஓடவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தோம். அறை 34 டிகிரி. ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் 42. சூட்டை வாங்கிக்கொண்டு போகும் தண்ணீர் 52. ப்ராஸஸர் 95.

95 என்றதும் பயப்பட வேண்டாம். பையனுடைய ரைஸன் 7000 வகை 2022-ல் வந்தபோதே, முழு வேலையில் 95 வரை போகும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஏஎம்டி சொல்லிவிட்டது. கேட்க வேண்டியது எத்தனை டிகிரி என்பதல்ல, அந்த டிகிரியில் எத்தனை வேகம் என்பது. அதுதான் இவனுக்குத் தேய்ந்துகொண்டிருந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு (பிடிக்காதவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்). ப்ராஸஸர் 230 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 450. இரண்டும் முழுமூச்சில் ஓடினால் 680 வாட், கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப்பெட்டி. நிமிஷத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் ஓடினால் இந்தச் சூட்டை வாங்கி அது ஏறவேண்டியது இரண்டரை டிகிரிக்கும் குறைவு. இவனுக்கு 10 டிகிரி ஏறுகிறது. அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்தான் ஓடுகிறது. நல்ல பம்ப், புதுசு. ஆக, எங்கேயோ அடைப்பு.

ரேடியேட்டர் யோசனைக்கு வருவோம். ரேடியேட்டரால் தண்ணீரை அறையின் சூட்டுக்குக் கீழே ஒருநாளும் கொண்டுபோக முடியாது. அதன் ராஜ்ஜியம், தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள சராசரி 13 டிகிரி மட்டும். இரட்டிப்பாக்கினால் நல்லபடியாக நடந்தாலும் ஆறேழு டிகிரி குறையும். ப்ராஸஸருக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 50 டிகிரி நிற்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. சுண்டுவிரல் நகமளவு சிலிகானிலிருந்து அத்தனை வாட்டும் வெளியே வந்தாக வேண்டும். நெருக்கடி அங்கேதான். ஸூரிச்சில் ஐபிஎம் 2010-ல் அமைத்த அக்வாஸார் சூப்பர் கம்ப்யூட்டர் 60 டிகிரி வெந்நீரிலேயே குளிர்ந்தது. சில்லுக்கும் தண்ணீருக்கும் இடையே பாதை சுத்தமாக இருந்தால் வெந்நீரும் போதும்.

பையனின் நண்பன் ஒருவன் ஐஸ் போட்டுக் குளிர்விக்கச் சொன்னானாம். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, மே மாதத்தில் 25 டிகிரியை ஒட்டியே பனித்துளி கட்டிவிடும். ஐஸ் மோர் டம்ளர் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது மதர்போர்டின் மேல் நடக்கும்.

மெஷினை அணைத்து, தண்ணீரை வடித்து, செப்புக்கட்டியைத் திறந்தோம். உள்ளே சீப்புப் பல் மாதிரி நுண்தகடுகள், நடுவில் இரண்டு மூன்று முடி அகலத்துக்குச் சந்து. சந்து முழுக்க நீலக் களிம்பு. பையன் முகம் தொங்கிவிட்டது. அந்தப் பால்நிற அழகு, திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களால் வருவது. ஓடிக்கொண்டே இருக்கும்வரை சரி. மாசக்கணக்கில் விட்டால் ஒதுங்க ஓர் இடம் தேடும். மிகக் குறுகலான சந்து எதுவோ அதுவே அதற்கு இடம்.

பழைய டூத்பிரஷ்ஷில் ஒரு மணி நேரம். புதுசாக வெப்பக் களிம்பு. நிறமில்லாத கூலன்ட். (டிஸ்டில்டு வாட்டரில் துரு, பாசி தடுக்கும் மருந்து சேர்த்தது, குழாய்த் தண்ணீர் வேண்டாம்.) அடுத்து, முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றினோம். ரேடியேட்டர் மூச்சு வாங்க அதில் ஒரு விரல் சந்துகூட இல்லை, அந்தச் சந்திலும் தூசி. மலிவு ரேடியேட்டரின் விவரச் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். அலுமினியம். செப்புக்கட்டியோடு ஒரே தண்ணீரில் அலுமினியத்தைச் சேர்த்தால் அது பேட்டரி. அலுமினியம் கரைய ஆரம்பிக்கும், ஒருநாள் ஒழுகும், கீழே ஒன்றரை லட்ச ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு. வாங்கியிருந்தால் புதன்கிழமை மட்டுமல்ல, தொழிலே போயிருக்கும்.

சாயந்திரம் மறுபடி ஓடவிட்டோம். தண்ணீரின் ஏற்றம் இரண்டரை டிகிரிக்கு இறங்கியது. ப்ராஸஸர் அதே 95-ல்தான் நின்றது, ஆனால் முழு வேகத்தில். மொத்தச் செலவு கூலன்ட், களிம்பு, எனக்கு ஒரு ஃபில்டர் காபி.

‘கலரே இல்லாம சப்புனு இருக்கு அங்கிள்’ என்றான். விளக்குகளை மட்டும் விட்டுவைக்க ஒப்புக்கொண்டேன்.

படம் புதன்கிழமை காலையிலேயே போய்விட்டது. நீச்சல் குளத்தில் நீலம் பத்தவில்லை என்று பில்டர் திருப்பி அனுப்பியிருக்கிறாராம்.