விளையாட்டுச் சாமானுக்கு ஒரு மதிப்புரை

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதிப் பழகியவன் நான். இந்தத் தடவை ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகனின் பிறந்த நாளுக்கு அவன் மாமா ஒரு பெட்டி லெகோ வாங்கி வந்தார். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டிகள். மேலே குமிழ்கள், உள்ளே குழல்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்கின்றன, இழுத்தால் விட்டுவிடுகின்றன. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கிய ஒரு தச்சருடைய தொழிலின் வாரிசு இது. இன்றைய கட்டிக்குக் காப்புரிமை கோரியது 1958-இல். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கமே லெகோ.

நன்றாகத்தான் விளையாடினேன், நான்! பெட்டிக்குள் இருந்த படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அந்தச் சிவப்பை எடு, அதில்லை, நீளமானது" என்று உத்தரவு போட்டேன். ஒரு மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி தயார். பெட்டியின்மேல் இருந்த படத்துக்கும் அதற்கும் இம்மியும் வித்தியாசமில்லை. மகன் எனக்குச் சிற்றாளாக இருந்தான். ஐந்து வயது மகள் தூங்கிப் போயிருந்தாள். விலை கொஞ்சமா? "யாரும் தொடக் கூடாது" என்று வண்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

மறுநாள் மாலை வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். கூடத்தில் நாலு சக்கரத்தின்மேல் கோணலாக ஒரு வீடு நின்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு, "இது என்னம்மா?" என்றேன்.

"பாட்டி வீடு."

"வீட்டுக்குச் சக்கரம் எதுக்கு?"

"பாட்டிக்குத்தான் முட்டி வலியாச்சே. வீட்டோட இங்க வந்துடலாம்."

என் தாயார் ஊரில் தனியாக இருக்கிறாள். நான் போய்ப் பார்த்து எட்டு மாதமாகிறது.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? 10,29,81,500 என்று அந்தக் கம்பெனியே ஒரு காலத்தில் சொல்லி வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயர்வதை மட்டுமே அதில் எண்ணியிருந்தார்கள். பிற்பாடு ஸோரன் ஐலர்ஸ் என்ற டேனிஷ் கணித அறிஞர் கணினியில் எண்ணிப் பார்த்தார். விடை 91,51,03,765! செய்தவர்களே குறைத்து மதிப்பிட்ட சாமான் இது.

இனி என் அபிப்பிராயம். கட்டியில் குற்றமில்லை. கை பழகும்வரை படப் புத்தகமும் வேண்டியதுதான். ஆனால், பெட்டிக்கு ஒரு படம் என்று போட்டு, விலையையும் ஏற்றி விற்கும்போது, அந்தப் படத்தைக் கட்டி முடிப்பதே விளையாட்டு என்றாகிவிடுகிறது. காசு கொடுத்த பெரியவர்கள் அதைக் கலைக்க விடுவதில்லை. எல்லாவற்றையும் ஆசிரியனே சொல்லி முடித்துவிட்ட கதையில் வாசகனுக்கு என்ன வேலை? அந்தத் தப்பை நானும் என் நாவல்களில் செய்திருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். முதல் வண்டியைக் கட்டிய மறுநாளே பிரித்துப் போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை நான் ஊருக்குப் போகிறேன். வீட்டை எடுத்துக்கொண்டு மகளும் வருகிறாள்.