மனை இல்லாதவர்களின் வரைபடம்

செனாவாங் என்றால் இன்று தொழிற்பேட்டை, நெடுஞ்சாலைச் சந்திப்பு, அடுத்தடுத்துத் தாமான்கள். சிரம்பானுக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊர் ஒருகாலத்தில் கித்தாக்காடு என்பதை அங்குள்ள பள்ளியின் பெயர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: செனாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் எங்கே என்று யாராவது கேட்டால் கைகாட்டக் கித்தா மரம் இல்லை. இப்படியொரு ஊரை எப்படி வாசிப்பது?

நகர வடிவ ஆய்வில் மூன்று வழிகள் அதிகம் பேசப்படுகின்றன. எம்.ஆர்.ஜி. கான்சென், வட இங்கிலாந்தின் ஆனிக் நகரைப் பற்றி 1960-இல் வெளியிட்ட ஆய்வில் தெரு, மனை, கட்டடம் மூன்றும் காலப்போக்கில் எப்படி மாறின என்று பார்த்தார். இத்தாலியில் முரத்தோரியும் கனிஜாவும் வீட்டு வகைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு தலைமுறையின் வீடு அடுத்த தலைமுறையில் என்னவாகிறது என்பது அவர்கள் கேள்வி. ஹில்லியரும் ஹான்சனும் 1984-இல் வந்த நூலில் இடங்களுக்கிடையிலான தொடர்பைப் பார்த்தார்கள்: இங்கிருந்து அங்கே போக எத்தனை இடத்தைக் கடக்கணும்?

இவற்றை இணைக்க முயன்றவர்களில் கார்ல் க்ரோப்ஃப் முக்கியமானவர். 2009-இல் எழுதிய கட்டுரையில், கட்டப்பட்ட வடிவத்தைப் பொது அடிப்படையாக வைத்தால் மற்ற அணுகுமுறைகளை அதோடு பொருத்திப் பார்க்கலாம் என்கிறார். தெளிவான யோசனைதான். ஆனா, கட்டடமே இடிக்கப்பட்ட இடத்தில் எதை வைத்துப் பொருத்துவது?

தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். துரை பங்களா மேட்டில், கிராணி வீடு சற்றுத் தள்ளி, லயங்கள் வரிசையாகக் கீழே. ஹில்லியரின் முறை இதை நன்றாகவே பிடிக்கும்: லயத்திலிருந்து வெளியே போகும் சடக்கு ஆபீஸைத் தாண்டித்தான் போகும் என்றால், அது கண்காணிப்புக்கான அமைப்பு. கனிஜாவின் முறை லயத்தையும் தாமானின் வரிசை வீட்டையும் பக்கத்தில் வைத்து, எது தொடர்ந்தது, எது அறுந்தது என்று கேட்கும். கான்செனின் முறைதான் இங்கே தடுமாறுகிறது. அவருக்கு மனை அடிப்படை அலகு. லயத்துக்காரனுக்கு மனையே கிடையாது. நில வரைபடத்தில் தோட்டம் கம்பெனியின் சொத்து. அதற்குள் மூன்று தலைமுறை பிறந்து, கல்யாணம் கட்டி, செத்துப்போனதற்கு ஒரு கோடுகூட இல்லை.

இதை முறையின் தோல்வி என்று ஒதுக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. மற்ற இரண்டும் சொல்லாத உண்மையை இந்த வெற்றிடம்தான் சொல்கிறது. கோடு இல்லாததால்தான் ஒரே கையெழுத்தில் எல்லாம் போனது.

மனை பிரிவதைக் கான்சென் ஒரு நகரத்தின் இயல்பான வளர்ச்சியாகப் படித்தார். நமக்கு அதற்கு வேறொரு சொல் உண்டு: துண்டாடல். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தொழிலாளி தெருவுக்கு வந்தான். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் மரம் வெட்டுபவர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வரைபடத்தில் தங்களுக்கும் ஒரு கோடு வேண்டும் என்ற முயற்சி அது.

பள்ளி மட்டும் எப்படித் தப்பியது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்தச் சொன்னது. பின்னாளில் தோட்டம் போனாலும் பள்ளி உரிமத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. லயத்துக்கு அப்படியொரு காகிதம் இருந்ததே இல்லை.

ஆகவே, அணுகுமுறைகளை இணைப்பது என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது அல்ல. ஒன்று எங்கே குருடாகிறதோ அங்கே மற்றதைக் கொண்டுபோய் நிறுத்துவது. க்ரோப்ஃப் கட்டடத்திலிருந்து தொடங்குகிறார். செனாவாங் போன்ற ஊர்களுக்கு உரிமையிலிருந்து தொடங்க வேண்டும்: யார் பெயரில் கோடு இருந்தது, யார் பெயரில் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டியிடம் உங்கள் வீடு எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "பெரட்டுக் களத்துக்குப் பின்னால, கோயில் பக்கத்து லயம், மூணாவது வாசல்" என்பதுபோல ஏதாவது சொல்வார். மனை எண் இல்லாத முகவரி அது. அந்தப் பேச்சைக் கேட்டு வரைபடம் போட ஆள் வேண்டும். நம் தோட்டக் கதைகளையும் அதற்காக ஒருமுறை திரும்பப் படிக்கலாம். பாட்டிகள் இருக்கும்போதே செய்தால் நல்லது.