பந்தாடும் பெண்ணும் பார்க்கும் கண்ணும்

தமிழிலக்கியத்தில் விளையாடாத பெண்ணைக் காண்பது அரிது. சங்கச் செய்யுள்களில் அவள் ஓரையாடுகிறாள்; கழங்காடுகிறாள்; ஊசலாடுகிறாள்; கடலாடிக் களைத்து மணலிற் சிற்றில் இழைக்கிறாள். காப்பியங்களிலே பந்தடிக்கிறாள். சிற்றிலக்கியங்களிலே அம்மானை ஆடுகிறாள். இவ்வளவு வளமான விளையாட்டு மரபுடைய ஒரு மொழியின் பெண்மக்கள், இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலை மைதானத்தில் இறங்கி ஓட முற்பட்டபோது, ஊர் ஏன் திகைத்தது? இந்த முரண்பாட்டை நமது இலக்கிய விமரிசகர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பண்டைப் பெண்ணின் விளையாட்டைப் பெருமையோடு பட்டியலிடுவதோடு அவர்கள் பணி முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம்.

திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் பகுதி ஓசை நயத்திற்குப் பேர்பெற்றது. மேடைதோறும் பாடப்படுவது, ஆடப்படுவது. திரிகூடராசப்பக் கவிராயரின் சந்தத் திறமையை எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அச்சந்தம் எதனைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். கூந்தல் சரிவதை, வளை ஒலிப்பதை, இடை துவள்வதை, கொங்கை குலுங்குவதை அது பின்தொடர்கிறது. இப்பகுதியை உயர்வகுப்பிலே நாம் படித்துக் காட்டியபோது, வலைப்பந்தாட்ட அணியைச் சேர்ந்த ஒரு மாணவி எழுந்து, “ரீச்சர், பந்து எங்கே போனது?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அதனினும் கூர்மையான விமரிசனத்தை அச்செய்யுள் பற்றி நாம் எங்கும் வாசித்ததில்லை. பந்து வெறும் சாட்டு. ஆட்டம் முடிந்ததும் குற்றாலநாதர் பவனி வருகிறார், வசந்தவல்லி காதல்நோய் கொள்கிறாள், பந்து மறக்கப்படுகிறது. அவள் ஆடியது தனக்காகவுமன்று, வெல்வதற்காகவுமன்று.

கொங்குவேளிரின் பெருங்கதையில் நிலைமை சற்று வேறு. அங்கே போட்டி இருக்கிறது. ஒருத்தியை அடுத்து ஒருத்தி வந்து பந்தடிக்க, அடிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிச் செல்கிறது. இறுதியில் மானனீகை அனைவரையும் விஞ்சுகிறாள். கைத்திறனை எண்ணிக் கணக்கிடும் இப்பகுதி, உலக இலக்கியத்திலேயே பெண்களின் விளையாட்டுப் போட்டியை விரித்துரைக்கும் பழைய பகுதிகளுள் ஒன்றாக மதிக்கத்தக்கது. ஆனால் வெற்றியின் பயன் யாது? உதயணன் பார்க்கிறான், மயங்குகிறான். திறமை மீண்டும் அரசனின் கண்ணுக்கு உணவாகிறது. மானனீகையோ சிறைப்பட்டு வந்த மகள், அந்தப்புரப் பணிப்பெண். நிலவுடைமைச் சமுதாயத்தில் உழைப்பின் பயன் உழைத்தவனுக்கு இல்லாதவாறே ஆட்டத்தின் பயனும் ஆடியவளுக்கு இல்லை. இளங்கோவின் கந்துகவரி ஒன்றே நமக்கு ஆறுதல். பாடுவோரும் ஆடுவோரும் அங்கே பெண்களே. வாழ்த்துவது பாண்டியனையேயாயினும், பாட்டின் தாளம் ஆடுகின்ற கையிலிருந்து பிறக்கிறது, பார்க்கின்ற கண்ணிலிருந்து அன்று.

பிள்ளைத்தமிழோ பாகுபாட்டை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. முதல் ஏழு பருவங்களும் இருபாலாருக்கும் பொது. எட்டாம் பருவத்திலே பாதை பிரிகிறது. ஆண்குழந்தை சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டித் தெருவுக்குப் போகிறது. பெண்குழந்தை அம்மானையும் நீராடலும் ஊசலுமாக ஓரிடத்தே நின்றுவிடுகிறது. ஊசல் எவ்வளவு உயரப் பறந்தாலும் கட்டிய மரத்தை விட்டு அகல்வதில்லை. பெண் கட்டிய மணல்வீட்டை ஆண் காலால் அழிப்பது இங்கே குறும்பு. அதைச் சுவையென்று நயந்து உரை எழுதிய புலவர் பலர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நாமும் நயப்போம். ஆனால் அதனை வகுப்பில் வைக்கும் ஆசிரியர், இப்பிரிவின் சமுதாய அடிப்படையை விளக்காது மேற்செல்வது தகாது.

மட்டக்களப்பு மண்ணுக்கு வருவோம். கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கொம்புமுறி விளையாட்டை நாட்டாரியல் அறிஞர்கள் நன்கு விவரித்துள்ளனர். ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். கொம்போடு கொம்பு கொளுவிக் கயிறு பூட்டி இழுக்கும். தென்சேரி கண்ணகியின் கட்சி; வடசேரி கோவலனின் கட்சி. நீதி கேட்டு நகர் எரித்த ஒரு பெண்ணின் பெயரால் நடக்கும் விளையாட்டிலே, கண்ணகியின் கட்சிக் கயிற்றையும் ஆண்களே இழுத்தனர். இதனை எழுதிய ஆய்வாளர்கள் இங்கு சற்று நின்று யோசித்திருக்கலாம்.

பாடசாலை விளையாட்டு வந்தபோது இந்நிலை உடைந்ததா? பாதி உடைந்தது. 1879இல் மெதடிஸ்த மிஷனார் நிறுவிய கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில், 1921இல் ஜெனி கிறீன் என்னும் ஆசிரியை வலைப்பந்தாட்டத்தை அறிமுகப்படுத்தினார். இலங்கைப் பெண்களின் விளையாட்டு வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சி இது. ஆனால் அந்த ஆட்டத்தின் விதிகளை ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தால் வியப்பு மேலிடும். 1891இல் அமெரிக்காவில் ஆண்களுக்காக உருவான கூடைப்பந்து, இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்கு வந்து உருமாறி, 1901இல் தனி விதிகள் பெற்றது. பந்தோடு ஓடலாகாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கலாகாது, எழுவரும் தத்தமக்கு விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டலாகாது, எதிரியைத் தீண்டலாகாது. நிலந்தோயும் பாவாடையணிந்த விக்டோரியா காலத்துப் பெண்ணுக்கு ஏற்ப அளந்து வெட்டிய ஆட்டம் அது. பிள்ளைத்தமிழின் ஊசலுக்கும் இக்கோடுகளுக்கும் உறவில்லையென்று யார் சொல்லுவார்?

ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஆட்டத்தின் முடிவு அங்கே எண்ணால் தீர்மானிக்கப்படுகிறது. வளையத்துள் விழுந்த பந்து எவருடைய கண்ணழகாலும் விழுந்ததன்று. பார்ப்பவன் மயங்கினாலும் மயங்காவிட்டாலும் கணக்கு மாறாது. கோடுகளுக்குள் அடைபட்ட அச்சிறுமிகள் அக்கோடுகளுக்குள்ளேயே வேகத்தையும் கூட்டு முயற்சியையும் கற்றுக்கொண்டனர். ஏகாதிபத்தியம் தன் தேவைக்காகப் போட்ட இருப்புப்பாதையில் மக்கள் தம் தேவைக்குப் பயணம் செய்ததுபோல என்று கொள்ளலாம்.

யார் பயணம் செய்தனர் என்பது அடுத்த கேள்வி. அக்காலத்து உயர்தரப் பாடசாலைகள் ஆங்கிலம் போதித்தவை; கட்டணம் வாங்கியவை. மட்டக்களப்பு நகரிலே வின்சென்ற் மகளிர் பாடசாலையும் புனித சிசிலியா பாடசாலையும் பெண்கல்விக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாய்க் கிடந்த வாகரையிலிருந்து, மீன்பிடிப்பவன் மகளும், சேனைப் பயிர் செய்பவன் மகளும், கரையோர வேடர் குடிப் பெண்ணும் அந்த மைதானங்களை எட்டியிருக்க முடியாது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்த பின்னரே கிராமத்துப் பெண்ணுக்கு வகுப்பறை திறந்தது. வகுப்பறை திறந்ததே தவிர, மைதானம் உடனே திறக்கவில்லை.

இன்றும் முற்றாகத் திறந்துவிட்டதாக நாம் கருதவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. சுண்ணாம்புக் கோடு விழுகிறது. ஏழாம் எட்டாம் வகுப்புச் சிறுமிகள் வெறுங்காலோடு மணலில் ஓடும் வேகத்தை நகரத்துப் பயிற்றுநர்கள் கண்டால் பொறாமை கொள்வர். அடுத்த ஆண்டு அவர்களிற் சிலர் வருவதில்லை. “பெரிய பிள்ளையாகிவிட்டாள், ரீச்சர்” என்கிறாள் தாய். சங்க இலக்கியத்தில் இதற்கு இற்செறிப்பு என்று பெயர். அகத்துறைகளுள் ஒன்றாகப் பயில்கிறோம். தலைவியைக் காணமுடியாத தலைவனின் துன்பம் அங்கே பேசப்படுகிறது. உடன்போன மகள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் கண்டு தாய் படும் துன்பமும் பேசப்படுகிறது. ஆடிய பெண்ணுக்கு ஆட்டம் போயிற்றே என்னும் துன்பத்தை எத்தனை பாடல்கள் பேசின? அந்தத் தாயை நாம் குறைகூறவில்லை. 2004இல் ஆழிப்பேரலை கண்டவள். 2006இல் கதிரவெளியிலே இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைமீது எறிகணை விழுந்து மக்கள் மாண்டதை அறிந்தவள். பாடசாலை முற்றத்தை அவள் விளையாட்டிடமாக மட்டும் நினைத்துவிட முடியாது. அவள் அச்சத்துக்கு வரலாறு உண்டு. நம் உரையாசிரியர்களின் மௌனத்துக்கு அத்தகைய காரணம் எதுவுமில்லை.

பார்க்கும் கண் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கருவியை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. 1928இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினர். ஓடியவர் ஒன்பதின்மர், ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர். ஜேர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்களென்று பத்திரிகைகள் பரிதாபக் கதை புனைந்தன. அக்கதையின் பலத்தால் அவ்வோட்டம் நீக்கப்பட்டு, 1960இல்தான் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. எழுத்து எவ்வளவு தீமை செய்யும் என்பதற்கு இலக்கியவாதிகள் மனங்கொள்ள வேண்டிய சான்று இது.

அதே 800 மீற்றரில் 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டு விழாவிலே வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சவுந்தரராஜன். செங்கற்சூளைக் கூலியின் மகள். பாலினச் சோதனை என்ற பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. குறவஞ்சிப் புலவன் பெண்ணுடலை அழகென்று அங்கம் அங்கமாகப் பிரித்தான். மருத்துவக் குழு ஐயமென்று பிரித்தது. இரண்டிலும் ஓடிய கால்களுக்கு மதிப்பில்லை.

வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்தவர். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூண். அவரைப் பற்றி வரும் கட்டுரைகளைத் தொகுத்துப் பாருங்கள்: முதல் வாக்கியம் பெரும்பாலும் அவர் உயரம். எத்தனை அங்குலமென்று நாமும் இங்கே எழுதப்போவதில்லை. எறிந்த பந்து எத்தனை, விழுந்தது எத்தனை, எதிரணியின் இருவருக்கிடையே அவர் எவ்வாறு இடம்பிடித்தார் என்பதையெல்லாம் விவரித்த தமிழ் வசனம் மிகக் குறைவு.

நமது சிறுகதையாசிரியர்கள் இவ்விடத்திற்றான் உழைக்க வேண்டும். வறுமையால் படிப்பை நிறுத்திய பெண்ணை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். சீதனத்தால் வாடிய பெண்ணை எழுதியிருக்கிறார்கள். அஞ்சலோட்டத்திலே பின்னால் வருபவளைத் திரும்பிப் பாராமல், அவள் காலோசையை மட்டும் நம்பிக் கையை நீட்டி ஓடத் தொடங்கும் பெண்ணை எழுதட்டும். அவள் முகம் எப்படியிருந்தது என்பது வேண்டாம். கோல் கைக்கு வந்ததா, மைதானத்தின் எந்த வளைவில் வந்தது, அடுத்தவளை முந்த எத்தனை அடி மிஞ்சியிருந்தது என்று எழுதட்டும்.